ஆன்றோவைக் கூட்டிவரப் போனது

எனக்குக் கடல் பிடிக்காது. சொன்னால் யார்டில் சிரிப்பார்கள். இருபது வருடமாக எனக்குச் சோறு போடுவதே கடல்தான். தோஹாவில் கப்பல் பழுது பார்க்கும் யார்டு ஒன்றில் ஃபோர்மேனாக இருக்கிறேன். சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம். வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீரில் குளித்து வளர்ந்த ஆள். அதற்கு மேல் தண்ணீர் ஏறினால் கரைக்கு ஓடிவிடுவேன். லீவில் வந்தால் வீட்டுக் கட்டிலை விட்டு எழுந்திருப்பதில்லை என்பது என் கொள்கை. இந்த முறை அதில் மண் விழுந்தது. பெட்டியைப் பிரிக்கக்கூட விடாமல் என்னைக் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இழுத்தடித்தவன் பெயர் ஆன்றோ.

ஆன்றோ எங்கள் யார்டில் வெல்டர். முட்டத்துப் பக்கம் கடற்கரைக்காரன், முப்பதைத் தொடும் வயது. தண்ணீருக்கு அடியில் போய் வெல்டு வைக்கும் முக்குளிப்பாளன் ஆக வேண்டும் என்பது அவன் ஆசை. வேலைக்குச் சேர்ந்த அன்றே என்னிடம் வந்து கேட்டது அதைத்தான். அந்தப் பயிற்சிக்கு யார்டிலிருந்து அவ்வப்போது ஒருவரை அனுப்புவார்கள். நான் அவனுக்காகச் சொல்லி, சண்டை போட்டு, இடம் வாங்கிக் கொடுத்தேன். மூன்று மாதப் பயிற்சியில் அவனுக்குக் கிட்டத்தில் வர ஆளில்லை. கடைசிப் பரீட்சையில் கோட்டை விட்டான்.

அது என்ன பரீட்சை என்று சொல்லிவிடுகிறேன். குழாயில் வரும் காற்றைச் சுவாசித்துக்கொண்டு ஆழத்தில் வேலை செய்தவன் ஒரே மூச்சில் மேலே வரக் கூடாது. சோடா பாட்டிலை டக்கென்று திறந்தால் பொங்குகிறதே, அது மாதிரி ரத்தத்துக்குள் காற்று பொங்கிவிடும். ஆள் முடமாகலாம், சாகலாம். அதனால் கயிற்றில் பாதி வழியில் ஒரு குறி கட்டியிருப்பார்கள். ஏறும்போது அங்கே நின்று, சொன்ன நேரம் வரை காத்திருந்து, பிறகுதான் மேலே வர வேண்டும். ஆன்றோ நிற்கவில்லை. தேங்காய் மிதப்பது போலத் தலை சட்டென்று மேலே வந்துவிட்டது. பயிற்சி கொடுத்த எகிப்துக்காரர் கெட்ட வார்த்தையில் திட்டி, ரத்தத்தில் பொங்கும் காற்றை அடக்குகிற அழுத்த அறையில் அவனைப் போட்டுப் பூட்டி ஒரு பகல் முழுக்கக் கண்காணித்தார். நல்ல வேளை, ஒன்றும் ஆகவில்லை.

நான்தான் அவருக்கு எடுத்துச் சொன்னேன். இவர்கள் ஊரில் பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பியை மூச்சடக்கி முங்கி எடுப்பார்கள், காற்றுக் குழாயெல்லாம் கிடையாது, மூச்சு முடிந்ததும் ஒரே பாய்ச்சலில் மேலே வந்துதான் பழக்கம், பிறந்ததிலிருந்து வந்த பழக்கம் எப்படிப் போகும் என்று. அவரும் ஏற்றுக்கொண்டு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். அந்த இரண்டாம் தடவை பரீட்சை அன்று காலையில் காது வலி என்று படுத்துக்கொண்டான். இரண்டு தடவையும் தோற்ற கையோடு லீவு சொல்லி ஊருக்குப் போய்விட்டு வந்தான். மூன்றாம் தடவைக்குத் தேதி குறித்தாயிற்று. நான் லீவில் ஊருக்கு வந்த கையோடு மேனேஜர் போன் செய்கிறார். “உன் ஆள் கம்பி நீட்டிவிட்டான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம். போனும் அணைத்து வைத்திருக்கிறான். அடுத்த ஞாயிறு அவன் இங்கே இல்லையென்றால் அந்த இடம் வேறு ஆளுக்கு. இனி அவனுக்கு வாய்ப்பே கிடையாது.”

என் மனைவி சொன்னாள், “கட்டிக்கிட்ட என்னைத் தேடி ஒரு தடவையாவது இப்படி ஓடி வந்திருப்பீங்களா?” பிரிக்காத பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஆரல்வாய்மொழியில் பஸ் பஞ்சர். ஐப்பசி மழை சாய்ந்து சாய்ந்து அடித்தது. காற்றாலைகள் வேண்டா வெறுப்பாகச் சுற்றிக்கொண்டிருந்தன. எல்லோரும் ஒரு டீக்கடைக் கூரைக்குள் முண்டியடித்து நின்றோம். கூரையெல்லாம் வாழைக்குலை தொங்கியது. என் தலையில் இடித்த குலையிலிருந்தே இரண்டு மட்டிப்பழத்தைப் பிய்த்து என் கையில் கொடுத்தார் பக்கத்தில் நின்ற பெரியவர். விரல் நீளம்தான் இருக்கும், வாசனை ஊரைத் தூக்குகிறது. அவர் மைதீன் பாய். கோட்டாறில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். நான் கத்தார் என்றதும் மருமகன், மச்சான், பக்கத்து வீட்டுக்காரன் என்று அங்கே இருக்கிற அத்தனை பேரையும் விசாரித்தார். ஒருவரையும் எனக்குத் தெரியாது. அதில் அவருக்கு வருத்தம்தான்.

இரண்டாவதாக ஒரு கடை திறந்திருப்பதாகச் சொன்னார். ரகசியம் பேசுவது போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“போர்டு வைக்கல்ல, பாத்துக்கிடுங்க.”

“ஏன் பாய்?”

“நல்லாட்டு ஓடுதுல்லா. போர்டு வச்சா எவன் கண்ணாவது பட்டுரும். நஷ்டம்னா நாலு பேருட்ட சொல்லி அழலாம். லாபத்த யாருட்ட போயி சொல்ல?”

“போர்டு இல்லாம கடைன்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறாங்க?”

“அதாக்கும் எனக்கும் வெளங்கல்ல” என்று சொல்லிவிட்டு அவரே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தப் பயணத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

நாகர்கோவிலில் இறங்கியபோது செருப்புக்குள் சளக் சளக் என்று தண்ணீர். சாப்பாட்டுக் கடையில் குண்டு குண்டாகச் சிவப்பரிசிச் சோறு. எங்கள் ஊரில் மீன் என்றால் மாதத்துக்கு ஒரு நாள், ஏரிக் கெண்டை. இங்கே சாம்பார் வேண்டும் என்று கேட்ட என்னைப் பரிமாறுகிறவர் நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்தார். “மீன் கறி இருக்கே, பொறவு எதுக்கு சாம்பார்?” என்றார். இலையில் ஊற்றிவிட்டார். தேங்காய் அரைத்து, புளி தூக்கலாக, நாக்கைச் சுண்டி இழுத்தது. ஆன்றோ மட்டும் கையில் கிடைக்கட்டும் என்று கறுவிக்கொண்டே இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் முட்டம் போகிற பஸ்ஸில் உட்கார இடமில்லை. ஏறியவர்கள் எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்திருந்தது. பேச்சு பாட்டு மாதிரி ஏறி இறங்குகிறது. தமிழ்தான், ஆனாலும் நான் அரை நொடி பிந்தியே புரிந்துகொண்டேன். என் பின்னால் நின்ற பெண் இன்னொருத்தியிடம், “பிள்ளைக்கு சீட்டு கெடச்சத யாருட்டயும் பறயாத கேட்டியா, காலேஜுல சேந்த பொறவு சொன்னா போரும்” என்று காதைக் கடித்தாள். ஊர் முழுக்க நல்ல செய்தியை மடியில் கட்டி ஒளித்து வைக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் மாடு கன்று போட்டால்கூட மைக் வைத்துச் சொல்வோம்.

கடற்கரையில் இறங்கி ஆன்றோவின் பெயரைச் சொன்னேன். வலை பின்னிக்கொண்டிருந்தவர் தலை தூக்காமலே கேட்டார். “எந்த ஆன்றோ? கட்டில்ல கெடக்கானே ராபின், அவனுக்க தம்பியா?”

அப்படி ஒரு அண்ணன் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஆறு வருடம் ஒரே அறையில் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறோம். மூச்சு விடவில்லை பாவி.

வீடு கடலிலிருந்து நாலு வீடு தள்ளி. உடம்பு சரியில்லாத அம்மா வாசலில் உட்கார்ந்து மீன் செதில் சீவிக்கொண்டிருந்தார். கைகள் விறுவிறுவென்று வேலை செய்தன. சளி கூடப் பிடித்த மாதிரித் தெரியவில்லை. நான் யார் என்று சொன்னதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

“அவன் கடலுக்குப் போயிருக்கான் ஐயா. சிப்பி எடுக்க. உள்ள வாருங்க. மூத்தவன் இருக்கான்.”

உள்ளே ஜன்னலோரம் கட்டில். அதில் தோள் அகன்ற ஒரு மனிதன் சாய்ந்து கிடந்தான். இடுப்புக்கு மேலே மல்லன். போர்வைக்குள் கால்கள் குச்சியாகச் சூம்பிக் கிடப்பது தெரிந்தது. டெட்டால் வாடையும் பவுடர் வாடையும் கலந்து அடித்தது. ராபின் சிரித்தான். ஆன்றோவின் அதே சிரிப்பு.

“ஃபோர்மேன் சாரா? தம்பி நெறய சொல்லுவான். கோவம் வந்தா ஸ்பேனர் எறியுவியளாமே.”

“ஒரு தடவைதான் எறிஞ்சேன். அதுவும் படலை” என்றேன்.

சாப்பிடச் சொன்னார்கள். வேகவைத்த மரச்சீனிக்கிழங்கு, மீன் கறி, மிளகாய் போட்டுப் புரட்டிய சிப்பி. சிப்பியை வாயில் வைக்கத் தயங்கினேன். மென்ற பிறகு கோழி ஈரல் நினைவு வந்தது, பயம் போயிற்று. சாப்பாட்டுக்கு நடுவில், கேட்கலாமா கூடாதா என்று யோசித்துவிட்டுக் கேட்டேன். “காலுக்கு என்ன ஆச்சுங்க?”

“கெழக்க ஒரு வள்ளத்துல சங்கு எடுக்கப் போனோம், நானும் அவனும். கம்ப்ரசர் காத்தாக்கும். ஒரு டியூப வாயில கடிச்சிட்டு எறங்கணும். நல்ல ஆழம். நெறய நேரம் கெடந்தேன். பொறவு ஒரே பாய்ச்சல்ல மேல வந்தேன், நம்ம ஊருல வாற மாதிரி.” அவன் போர்வையைத் தட்டினான். “வள்ளத்துல ஏறி ஒரு டீ குடிச்சேன். எந்திரிக்கப் பாத்தா காலக் காணல்ல.”

“ஆன்றோ?”

“அவன்தான் என்னத் தூக்கிட்டு ஓடினது. அவன் கத்தாருக்குப் போறதுக்கு முந்தின வருசம்.”

பிட்ட கிழங்கைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். எகிப்துக்காரரிடம் நான் என்னவெல்லாம் அளந்திருக்கிறேன். ஊர்ப் பழக்கம், பிறவிப் பழக்கம், மறந்துவிட்டான். இப்படி ஒரு அண்ணனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவன் பாதியில் நிற்க மறப்பானா? தாலி கட்டியதை மறந்தாலும் அதை மறக்க மாட்டான். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

கை கழுவப் பின்பக்கம் போனபோது அம்மா சொம்போடு கூடவே வந்தார். சத்தமில்லாமல் பேசினார்.

“நீங்க கூட்டிட்டுப் போறதுன்னா போங்க. நான் ஒண்ணும் பறய மாட்டேன். எனக்கு ரெண்டும் ஒரே வயித்துல கெடந்தது. சின்னவன் போன்ல நல்ல செய்தி சொன்ன அன்னைக்கெல்லாம் மூத்தவன் சோறு தின்ன மாட்டான். வயிறு செரியில்லம்பான். அவன் தோத்துட்டு வந்து வாசல்ல நிப்பான் பாருங்க, அன்னைக்கு இவன் ரெண்டு தடவ சோறு கேப்பான்.” முந்தானையால் மூக்கைத் துடைத்தார். “கோயில்ல போயி நான் என்னன்னு செபிக்க, சொல்லுங்க?”

சொம்பைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஆன்றோ அன்று என் கண்ணில் படவே இல்லை. நான் வந்தது தெரிந்து யார் வீட்டிலோ தங்கிவிட்டான். அடுத்த நாள் காலையில் நானே பாறைப் பக்கம் தேடிப் போனேன். முட்டத்துப் பாறைகளைப் படம் பிடிக்க வருகிறவர்கள் அழகு அழகு என்கிறார்கள். எனக்கு அவை எருமை மந்தை படுத்துக் கிடப்பது போலத்தான் தெரிந்தது. யார்டுக்குப் போடும் பூட்ஸோடு ஏறி, பாசியில் வழுக்கி, முழங்கையைச் சிராய்த்துக்கொண்டேன். ஓர் அலை வந்து என்னைக் கழுத்து வரை குளிப்பாட்டிவிட்டுப் போனது. கலங்கரை விளக்கத்துப் பக்கம் நின்று யாரோ கைதட்டிச் சிரித்தார்கள்.

தூரத்தில் ஆன்றோவின் தலை தெரிந்தது. முகத்தில் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை, கையில் இரும்பு உளி. முங்கினான். நான் காத்திருந்தேன். அலை வந்தது, போனது, மறுபடி வந்தது. ஆள் வரவில்லை. மாதாவே, முருகா என்று எல்லோரையும் கூப்பிட்டேன். அப்புறம் ஒரே பாய்ச்சலில் வந்தான், வாய் நிறையக் காற்றை இழுத்துக்கொண்டு, பை நிறையச் சிப்பியோடு. என்னைப் பார்த்தான். தப்பி ஓட இடமில்லை. நீந்தி வந்து பாறையில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“மறந்துதான் மேல வந்தியா, இல்ல வேணும்னே வந்தியாடா?” என்றேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

சிப்பியை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே இருந்தான்.

“மறப்பேனா அண்ணே? கயித்துல அந்தக் குறியப் பாத்தேன். கையால பிடிக்கவும் செய்தேன். இங்க நின்னா பாஸுன்னு நெனச்சேன். நெனச்ச ஒடனே நெஞ்சு கெடந்து அடிக்குது. அடியில கெடக்கும்போ வராத பயம் அங்க வருது. கைய விட்டுட்டேன்.”

“காலு போயிருந்தா என்னடா பண்ணுவே?”

“போனா போட்டும்னு இருந்திச்சு. ரெண்டு பேரும் ஒருபோல ஆயிருவோம்லா.”

அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன். அவன் விலகவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் என் தலையிலேயே வைத்துக்கொண்டேன்.

“இது அண்ணனுக்க ஆசையாக்கும்” என்றான். “வெல்டிங்கும் படிக்கணும், முங்கவும் செய்யணும், கப்பலுக்கு அடியில வேல பாக்கணும்னு சின்னதுலயே சொல்லுவான். என்னைவிட நல்லாட்டு முங்குவான். அவன்ட்ட இருந்துதான் எனக்குத் தொத்திச்சு. நான் தோத்துட்டு வந்தா, ‘விடு மக்கா, அடுத்த தடவ பாப்போம்’னு சிரிப்பான். பாப்போம்னு சொல்லுவான் அண்ணே, நாம ரெண்டு பேரும்ங்கற மாதிரி. நான் ஜெயிச்சிட்டா பொறவு என்ன பாக்க? அவன் எந்திரிக்கவே மாட்டான்னு நானே ஒப்புக்கிட்ட மாதிரில்லா ஆவும்.”

“அப்ப எதுக்குடா மூணு தடவை என் உயிரை வாங்குனே?”

“எனக்கும் ஆசை இருக்கே” என்றான். அதைச் சொன்னபோதுதான் அழுதான். “தோக்கதுக்கு எனக்குப் பயமில்ல. அதுக்குப் பொறவு என்ன நடக்கும்னு தெரியும், பழகிப் போச்சு. மத்தது நடந்தாதான் எங்க நிக்கணும்னு தெரியாது.”

நான் தெரிந்த புத்திமதி எல்லாம் சொன்னேன். சம்பளத்தைச் சொன்னேன், அம்மாவைச் சொன்னேன், அண்ணனுக்கு நல்ல வைத்தியம் பார்க்கலாம் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். கடைசியில், “நான் வரல்ல அண்ணே” என்றான். எனக்கும் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. அவன் சிப்பியை விற்கப் போனான். நான் நனைந்த கோழி மாதிரி அவன் வீட்டுக்கு நடந்தேன், சொல்லிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று.

அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். ராபின் மட்டும் இருந்தான். என் சட்டையையும் முழங்கையையும் பார்த்து, “பாறை உங்களயும் விடல்ல போல” என்றான். தலையணையை நிமிர்த்தி வைக்கச் சொன்னான். வைத்தேன்.

“வரமாட்டேன்னுட்டான், இல்லியா?”

“ஆமாங்க.”

“ஒண்ணு கேக்கட்டா சார்? இருவது வருசம் ஃபோர்மேன் ஃபோர்மேன்னே இருக்கியளே, உங்களுக்கு மேனேஜர் வேல வரவே இல்லியா?”

இரண்டு தடவை வந்தது. ஆங்கிலம் போதாது என்று நானே சொல்லி ஒதுங்கிக்கொண்டேன். வீட்டில்கூடச் சொன்னதில்லை. “வந்துச்சுங்க. எனக்கு இதே போதும்னுட்டேன்” என்றேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தேன்.

ஆன்றோ வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வெறும் பையைக் கதவில் மாட்டினான். ராபின் கட்டிலில் இருந்தபடியே கூப்பிட்டான். “ஏலே, இங்க வா. இரி.”

ஆன்றோ கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

“நீ தோத்துட்டு வந்தப்ப எல்லாம் நான் சிரிச்சேன்லா. எதுக்குன்னு நெனச்ச?”

“ஆறுதலுக்கு.”

“ஆறுதலும் இல்ல, ஒரு எளவும் இல்ல. சந்தோசத்துலயாக்கும் சிரிச்சேன்.” ராபினின் கழுத்து நரம்பு புடைத்தது. “நீ பையோட வாசல்ல நிக்கத பாத்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோசம் வரும்லே. இவனும் தோத்தான், நான் மட்டும் இல்லன்னு. அம்மைக்குத் தெரியும். பாவம், வாயத் தொறக்க மாட்டா. உனக்கும் தெரியும். தெரிஞ்சுதான் நீ எனக்கு வாரி வாரித் தாற. பீடி வாங்கித் தாற மாதிரி.”

“அண்ணே, விடு.”

“விட மாட்டேன். இனி அது எனக்கு வேண்டாம். ஒவ்வொரு தடவையும் சிரிச்சு முடிச்ச பொறவு இந்தக் கட்டில்ல நான் கெடந்து படுத பாடு உனக்குத் தெரியாது. காலு போனதுக்குக்கூட நான் அப்படி அழல்ல.” மூச்சு வாங்கினான். “நீ போ. போயி ஜெயிச்சிட்டு வா. நான் சோறு தின்ன மாட்டேன். ஒரு நாளு, ரெண்டு நாளு. உன்னயத் திட்டவும் செய்வேன். பொறவு பசிக்கும், தின்பேன். பசிச்சா எவனும் தின்னுதான ஆவணும்.”

ஆன்றோ அண்ணனின் உயிரில்லாத முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். ராபின் அவன் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து ஆட்டினான். கொஞ்சுகிறானா அடிக்கிறானா என்று பார்க்கிற எனக்குத் தெரியவில்லை.

“கயித்துல பாதியில நிக்கணும். கேட்டியா?”

“ம்.”

“வாயத் தொறந்து சொல்லுலே.”

“நிப்பேன்.”

நான் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். கோயிலிலிருந்து திரும்பிய அம்மா என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் அடுப்படிக்குப் போனார். சட்டிகள் உருளும் சத்தம் கேட்டது. அங்கே நின்று அழுகிறார் என்று தெரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அடுத்த நாள் கிளம்பினோம், நானும் லீவைப் பாதியில் முறித்துக்கொண்டு. ஆன்றோ ஈரத்துணியை எடுத்து அண்ணனின் கால்களைத் துடைத்துவிட்டான். விரல் விரலாக, ஊரில் இருக்கிற நாளெல்லாம் செய்வது போல. ராபின் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். தூங்குகிறவன் மூச்சு அப்படி இருக்காது. ஆன்றோ, “வாறேன் அண்ணே” என்றான். பதில் வரவில்லை. அம்மா வறுத்த சிப்பியை டப்பாவில் போட்டு, பெட்டி முழுக்க எண்ணெய் வடிகிற மாதிரிக் கட்டிக் கொடுத்தார். தோஹா போய்ச் சேர்ந்த பிறகும் என் சட்டைகளில் அந்த வாடை போகவில்லை.

திருவனந்தபுரம் போகிற வழியில் காரை இரண்டு தடவை நிறுத்தச் சொன்னான். முதல் தடவை வாந்தி. இரண்டாம் தடவை ஒரு டீக்கடைப் பக்கம் ஒன்றுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வெகு நேரம் வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது ஊருக்குத் திரும்பும் பஸ் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தான். கையைப் பிடித்து இழுக்கவில்லை. பக்கத்தில் போய் நின்றேன். பஸ் வந்தது. கண்டக்டர் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, “ஏறுதியளா?” என்றார். ஆன்றோ இல்லை என்று தலையாட்டினான். பஸ் போன பிறகு அவனே முன்னால் நடந்து போய்க் காரில் ஏறினான்.

பரீட்சை அன்று நானும் படகில் போனேன். கடல் பிடிக்காத நான், நீச்சல் தெரியாத நான், லைஃப் ஜாக்கெட் இரண்டை மாட்டிக்கொண்டு போனேன். ஆன்றோ இறங்கினான். வேலையை முடித்துவிட்டதாக அடியிலிருந்து தகவல் வந்தது. ஏறத் தொடங்கிவிட்டான் என்றார்கள். நான் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அந்தத் தலை தேங்காய் மாதிரிக் குபுக்கென்று வந்துவிடும், எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. எகிப்துக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கயிறு நின்றது. வரவில்லை. அவர் என் தோளில் தட்டி, “நிற்கிறான்” என்று அரபி கலந்த ஆங்கிலத்தில் சொன்னார். படகின் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மேலே வந்தான். எல்லோரும் கைதட்டினார்கள். எகிப்துக்காரர் கட்டிப்பிடித்தார். ஆன்றோ துக்க வீட்டில் உட்கார்ந்திருக்கிறவன் போலத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்தான். கொடுத்த டீயைக் குடிக்கவில்லை.

அன்று வீட்டுக்குப் போன் செய்யவில்லை. அடுத்த நாளும் செய்யவில்லை. “சிக்னல் இல்ல” என்றான். என் போனில் நாலு கோடு தெரிந்தது. கோட்டாறு மைதீன் பாய் போர்டு வைக்காத கடை எனக்கு நினைவு வந்தது. அதற்கு மேல் பொறுக்க முடியாமல் நானே நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, அவன் முன்னால் மேஜையில் வைத்தேன்.

அம்மா எடுத்தார். நான்தான் சொன்னேன், “பாஸ் பண்ணிட்டானுங்க அம்மா.” “மாதாவே” என்றார். சந்தோஷத்தில் சொன்னாரா என்று என்னால் சொல்ல முடியாது. போன் கை மாறும் சத்தம் கேட்டது. கட்டில் கிறீச்சிட்டது.

“நின்னியா?” என்றான் ராபின்.

“நின்னேன்.”

“பாதியில?”

“பாதியில. அவங்க சொன்ன நேரம் வரைக்கும் நின்னேன் அண்ணே.”

பின்னால் கடல் இரைந்தது.

“எனக்கு மட்டும் ஒருத்தனும் சொல்லித் தரல்லியே மக்கா” என்றான் ராபின். போன் அணைந்துவிட்டது.

ஆன்றோ அதை இரண்டு கையாலும் எடுத்து, திரையைச் சட்டையில் துடைத்து, என்னிடம் திருப்பிக் கொடுத்தான். அன்றைக்கு எங்கள் அறையில் சமைக்கும் முறை அவனுடையது. அரிசி களைந்து உலையில் போட்டான். இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவன் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டான், பிசைந்தான், பிசைந்துகொண்டே இருந்தான்.